அத்தை பாஸ் பண்ணிய கேசட்

எங்கள் வீட்டுக்குப் பியானோ வந்ததற்குக் காரணம், நைனா பீரோ வாங்கப் போனதுதான்.

பக்கத்து ஊரான பாடியில் நைனா வேலை பார்த்த தொழிற்சாலையின் பழைய விருந்தினர் பங்களாவை இடிக்கப் போவதாகவும், உள்ளே இருந்த சாமான்களை ஏலம் விடுவதாகவும் பேச்சு வந்தது. அம்மா வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்த இரும்பு பீரோவைப் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போனார். அங்கே சாமான்களைத் தனித்தனியாகக் கொடுக்கவில்லை. அறை அறையாகத்தான் ஏலம். பீரோ இருந்த அறையில் பியானோவும் இருந்தது. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எடுக்க முடியாது. சாயங்காலம் மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் இரண்டு மீன்பாடி வண்டிகள் நுழைந்தன. முதல் வண்டியில் பீரோ படுத்துக்கொண்டு வந்தது. அடுத்த வண்டியில் பியானோ நின்றுகொண்டு வந்தது. அதை ஒரு கையால் பிடித்தபடி, சவ ஊர்வலத்தில் நடப்பவர் போன்ற முகத்துடன் நைனா நடந்து வந்தார்.

அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, இன்னொரு பீரோவா?" என்று கேட்டாள்.

"பியானோ."

"அத்த வெச்சிகினு இன்னா பண்றது?"

நைனா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேல துணி மடிச்சி வெக்கலாம்" என்றார்.

அப்படித்தான் பல மாதங்கள் அது துணி மடித்து வைக்கிற சாமானாகவே இருந்தது. என் பள்ளிக்கூட மண்டபத்திலும் ஒரு பியானோ இருந்ததால், அது எதற்கானது என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பாட்டு டீச்சரிடம் போய் எங்கள் வீட்டில் பியானோ இருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பதினோரு வயது ஆனபோது டீச்சரின் புத்தகத்தில் இருந்த ஒரு சின்ன நடனத் துண்டை முழுசாக வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். இடது கை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊஞ்சல் ஆட்டும். வலது கை அதன்மேல் ஏறி விளையாடும். நடுவில் ஓர் இடத்தில் வலது கை மேலேயிருந்து கடகடவென்று படியிறங்கி வர வேண்டும். நான் எப்போதும் அங்கேதான் தடுக்கி விழுவேன்.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். நைனாவுக்கு ஒரே தங்கை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்சார மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில், நுணுக்கமான சாமான்களை இடுக்கியால் பிடித்துப் பொருத்துகிற வேலை. காலை ஷிப்டு முடிந்து வந்தால் காலைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குப் பியானோவில் ஒரு கட்டையைக்கூட அழுத்தத் தெரியாது.

இந்த விஷயம்தான் பின்னால் பெரிய தொல்லையாகப் போனது.

அத்தைக்கு வரன் பார்க்கக் கல்யாணத் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துக்கொண்டே பியானோவைப் பார்த்தார். அதன்மேல் இருந்த துணிகளையும் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவர் போய் பம்பாயில் இருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், பெண் பியானோ வாசிக்கும் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். பாட்டென்றால் உயிராம். இப்போதைக்கு லீவு கிடைக்காது, பெண்ணின் போட்டோவோடு அவள் வாசித்த ஒரு கேசட்டும் அனுப்பினால் கேட்டுப் பார்த்துவிட்டு நேரில் வருகிறோம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லி அனுப்பினார்.

வாசிக்கத் தெரியாது என்று இப்போது சொன்னால் தரகர் பொய் சொன்னதாக ஆகிவிடும். இவ்வளவு நல்ல இடம் கொண்டுவந்த மனிதரைப் பொய்யராக்குவது நியாயமில்லை என்று அம்மா சொன்னாள். நைனா இருமிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"கேசட்ல மூஞ்சியா தெரியப் போவுது?" என்றார் நைனா. "கல்யாணம் ஆயி பம்பாய் போனாக்கா அங்க ஒண்டிக் குடுத்தனம். பியானோ வெக்க எடம் ஏது? வாசின்னு யாரு கேக்கப் போறாங்க?"

அத்தை, "அனுப்புறதுதான் அனுப்புறோம், நல்லா இர்க்கணும்ணே. அரகொறையா அனுப்பி அசிங்கப்படக் கூடாது" என்றாள். நைனாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நைனா டூல் ரூமில் ஃபோர்மேன். அவர் கையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சாமானையும் அளந்து பார்த்து, ஓகே என்றோ ரிஜெக்ட் என்றோ சொல்வதுதான் அவர் பிழைப்பு. வீட்டிலும் அதையே கொண்டுவந்தார். முதலில் பியானோவைத் திறந்து பார்த்தார். மழைக்காலத்தில் ஊறிப்போய் நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் மேலே வராது. அதைக் கழற்றி உப்புக்காகிதத்தால் தேய்த்து மாட்டினார். அது எழுந்துகொண்டது, பக்கத்துக் கட்டை படுத்துக்கொண்டது. காலால் மிதிக்கும் பெடல் கீச்சிட்டது என்று கிரீஸ் வைத்தார். கீச்சு நின்றது, பெடல் வழுக்கி என் கால் தரையில் விழுந்தது. நாற்காலி உயரம் போதாது என்று மரத்துண்டுகளை வெட்டி அதன் கால்களுக்கு முட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் அண்ணாந்து பார்க்காமலே கூரையைப் பார்க்க முடிந்தது.

பதிவு செய்ய மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்தார். யாராவது பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் ஏற்றித் தருவார். ஒரு பெரிய டேப் ரிக்கார்டரையும், வயரோடு ஒரு மைக்கையும் சாக்குப்பையில் போட்டு எடுத்து வந்தார்.

"கவலய வுடு மாமா. ஊட்டுக்குள்ளயே ஸ்டூடியோ போட்டுக் குட்த்துடறேன்" என்று நைனாவிடம் சொன்னார்.

மாமாவின் ஸ்டூடியோ இப்படித்தான் இருந்தது. சன்னல்களில் மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டார். கதவுக்கு இரண்டு போர்வை. ஃபேன் ஓடினால் அதன் சத்தம் விழும் என்று அதை நிறுத்தினார். மைக்கை முதலில் பியானோவின் மேல் வைத்தார். கட்டைகள் டக்டக்கென்று அடிக்கும் சத்தம்தான் பதிவானது, பாட்டைக் காணோம். பிறகு பியானோவுக்குள்ளே இறக்கினார். மணிக்கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்பது போல் இருந்தது. கடைசியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் மைக்கைக் கட்டி, என் தலைக்குப் பின்னால் தொங்கவிட்டார். அதுதான் சரியாக அமைந்தது. ஆனால் நான் தலையை ஆட்டினால் மைக் என் பின்மண்டையில் இடிக்கும். ஆகவே, கழுத்தில் சுளுக்குப் பிடித்தவள் மாதிரி அசையாமல் உட்கார்ந்து, வியர்வையில் விரல் வழுக்காமல் இருக்கக் கையில் பவுடர் பூசிக்கொண்டு, அந்த உலைக்குள் வாசித்தேன்.

முதல் பதிவை எல்லாரும் சேர்ந்து கேட்டோம். பாட்டு கேட்டது. கூடவே பக்கத்துத் தெருப் பிரஸ் பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரம் 'தொம், தொம்' என்று கேட்டது. அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து எங்கள் காதிலேயே இருந்ததால், அது இருப்பதை அன்றைக்குத்தான் நாங்கள் கண்டுபிடித்தோம்.

"ரிஜெக்ட்" என்றார் நைனா.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஓடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தெருவில் கிரிக்கெட். அவுட்டா இல்லையா என்ற வழக்கு முழுவதும் கேசட்டில் பதிவானது. அதற்கடுத்த முறை, நான் படியிறங்கும் இடத்தைத் தடுக்காமல் தாண்டி வந்த அந்த முதல் நாளில், அம்மாவின் குக்கர் விசிலடித்தது. அம்மா ஓடிவந்து, "அத்த மட்டும் வெட்டி எடுத்துட முடியாதா?" என்று மாமாவைக் கேட்டாள். மாமா, "குக்கரையா, பாட்டையா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் நைனாவுக்கு அந்த யோசனை வந்தது. கரண்ட் போனால் பட்டறை நிற்கும். எல்லார் வீட்டு டிவியும் நிற்கும். டேப் ரிக்கார்டர் மட்டும் பேட்டரியில் ஓடும். ஆகவே, பேட்டரி போட்டுத் தயாராக வைத்துக்கொண்டு கரண்ட் போவதற்காகக் காத்திருந்தோம். சும்மாவே நாள் தவறாமல் போகிற கரண்ட், நாங்கள் காத்திருந்த அந்த வாரம் முழுவதும் அசையவில்லை. அம்மா விளக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள், "இந்த வாரம் கரண்ட்டே போவல, நல்லா கீது இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னபோது, அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருவழியாகக் கரண்ட் போனது. வீடே ஓடிவந்து மெத்தைகளைக் கட்டியது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். தாளம் என் கையில் நிற்கவில்லை. ஓடுகிறேன், தயங்குகிறேன், மறுபடியும் ஓடுகிறேன். எனக்கே காரணம் தெரியவில்லை. அத்தைதான் கண்டுபிடித்தாள். "பட்டற சத்தம் இல்ல, அதான். பாப்பா இவ்ளோ நாளா அத்தக் கேட்டுகினுதான் வாசிச்சிகினு இருந்திருக்கு." நைனா என் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் பதிலாக என் முதுகில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதிவைக் கரண்ட் வந்த பிறகு போட்டுக் கேட்டோம். பேட்டரி தீரும் நிலையில் இருந்ததால் நாடா மெதுவாக ஓடிப் பதிவாகியிருந்தது. இப்போது முழு வேகத்தில் ஓட, என் பாட்டு குதிரை வண்டி மாதிரிப் பாய்ந்தது. என் விரல்களா அவை என்று நான் வாயைப் பிளந்தேன். நைனா முதன்முறையாக, "ஓகே" என்றார். அம்மா மட்டும், "இவ்ளோ வேகமா வாசிச்சா வாயாடின்னு நெனைப்பாங்க" என்றாள். அத்தை கேட்டுவிட்டு மறுப்பாகத் தலையசைத்தாள்.

"கொசு கொலுசு மாட்டிகினு ஓடற மாரி கீது. வேணாம்ணே. இன்னோர் வாட்டி எடுத்துரலாம்."

இப்படியே போனது. நைனா ஓகே சொன்னாலும் அத்தை சொல்லமாட்டாள். வாரத்துக்கு ஒரு குறை சொல்லுவாள். இடது கை அதட்டுகிறது என்பாள். முடிவு அவசரமாக இருக்கிறது, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி முடிக்கிறாய் என்பாள். படியிறங்கும் இடத்தில், "நாயி தொரத்தி ஓடியார மாரி பயந்துகினு வர. அது தானா எறங்கி வர்றது. நடந்து வா" என்றாள். நான் டீச்சரிடம் போய் அதைச் சொன்னேன். டீச்சர் வியந்து, உங்கள் அத்தைக்குச் சங்கீதம் தெரியுமா என்று கேட்டார். அந்த இடத்தை மட்டும் தனியாக, ஒரு கையால், ஆமை வேகத்தில் வாசித்து வாசித்துப் பழகச் சொன்னார். எப்படியோ ஒரு நாள் அது தானாக இறங்கி வந்தது. வாரா வாரம் புதிதாகக் குறை கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். அந்த வட்டாரத்தில் யாரும் அப்படிப் பியானோ கேட்டிருக்க மாட்டார்கள்.

மைக்கும் டேப்பும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. மாமா அழுத்தினால் பட்டன் சத்தமும் கேசட்டில் விழுகிறது என்று அந்த வேலையும் அத்தையிடம் போனது. இடுக்கி பிடித்துப் பழகிய விரல்கள் அவளுக்கு. கடைசிச் சுரம் கம்பியில் அடங்கி முடியும் வரை காத்திருந்து, பூவைக் கிள்ளுவது போல நிறுத்துவாள். அந்தச் சின்ன 'க்ளிக்' கேட்கும் வரை நான் மூச்சுகூட விடக்கூடாது.

தரகர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். கலைப்பொருள் என்றால் நேரமாகும் என்று நைனா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்.

மார்கழி முடியும் சமயத்தில் ஒரு நாள் அத்தை வேலையிலிருந்து வரும்போது கையில் ஒரு புதுச் சேலை இருந்தது. கம்பெனிச் சீருடைச் சேலை, கருநீலத்தில் வெள்ளைக் கரை. கூடவே ஜிலேபியும் வாங்கி வந்திருந்தாள். கம்பெனியில் கொடுத்தார்கள் என்றாள். அம்மா சேலையைத் தடவிப் பார்த்து, துணி முரடு என்றாள். நைனா ஜிலேபியைத் தின்றுகொண்டே, "கல்யாணத்துக்கப்புறம் இத்த எங்க கட்டப் போற?" என்றார். அத்தை சிரித்துவிட்டுச் சேலையை பீரோவில் வைக்காமல் பியானோவின் மேல் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் கரண்ட் போனது. நைனா இரண்டாம் ஷிப்டு. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அத்தை புதுப் பேட்டரி போட்டு, மெத்தையைக் கட்டி, என்னை உட்காரவைத்தாள். எனக்கோ வெளியே போக வேண்டும். எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் பட்டறை வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். வேண்டாவெறுப்பாக வாசித்தேன். ஆரம்பமே தப்பு. நடுவில் காக்காய் ஒன்று சன்னலில் உட்கார்ந்து தன் கருத்தைச் சொன்னது. படியிறக்கத்தில் விழுந்து எழுந்து வந்தேன். எப்படியோ முடித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, க்ளிக் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தை பட்டன்மேல் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டாள் போலும் என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

"அத்தே, இத்தயாச்சும் ஒத்துக்கோயேன். நீ வாசிச்சன்னு சொல்றதுக்கு நான் எத்தினி வாட்டி வாசிக்கிறது? கை நோவுது."

அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம்தான் க்ளிக் கேட்டது.

"ரொம்ப நல்லா வந்திச்சு" என்றாள். "போ, போய் வெளாடு."

நைனா வந்ததும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். "நானே பாஸ் பண்ணிட்டேண்ணே" என்றாள் அத்தை. நைனாவின் முகத்தில் இருந்த பெருமையை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது. இத்தனை நாளாகத் தன்னைவிடக் கண்டிப்பாக இருந்த இன்ஸ்பெக்டரே பாஸ் பண்ணிய பிறகு என்ன பேச்சு. கேசட் போட்டோவோடு பம்பாய்க்குப் போனது.

பதில் தரகரோடு வந்தது, கேசட்டும் கூடவே வந்தது. அவர் அதை நைனாவின் கையில் கொடுத்து, "நீங்களே ஒரு தடவை கேட்டுடுங்க" என்றார். மாமா கடையிலிருந்து வந்திருந்தார். எல்லாரும் உட்கார்ந்தோம். தப்பான ஆரம்பம் ஓடியபோதே நைனாவின் நெற்றி சுருங்கியது. காக்காய் வந்தது. அம்மா அத்தையைப் பார்த்தாள். பாட்டு முடிந்தது. கொஞ்ச நேரம் நாடா ஓடும் சத்தம். பிறகு என் குரல், என் பின்மண்டைக்குப் பின்னால் மாமா கட்டிய மைக்கில் விழுந்து, கண்ணாடி போலத் துல்லியமாக, கை நோவுது என்றது. மாமா தன்னையறியாமல், "ரிக்கார்டிங் சுத்தமா கீது" என்றார்.

தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் கொழந்தைக்கு அவங்க ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாங்க. கை நோவுக்குத் தைலம் தடவணுமாம். பொண்ணு விஷயம் பொறவு பாக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"வாய மூடிகினு இருக்க முடியாதா உன்னால?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா, பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும், பழைய செட்டு என்று சொல்லி, அப்போதே அதைக் கழற்றி, கெட்டுப்போகாத ஒரு பட்டனைச் சரிசெய்தார். நைனா மெதுவாக, "ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் யாரு பண்ணது?" என்றார்.

"நான்தாண்ணே. கடேசி வரிக்கும் கேக்கல. பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அத்தை. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன்.

அத்தையின் கம்பெனியில் வேலை நிரந்தரமாகாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், அதோடு வேலை போய்விடும் என்பதும், நீலச் சேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டுமே கொடுப்பது என்பதும், நான் கல்லூரிக்குப் போன பிறகு அத்தையே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பம்பாய்க்குப் போக அவளுக்கு மனசே இல்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படக்கூடிய வேலையை வைத்துக்கொண்டு, வளர்த்த அண்ணனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதனால் சேலை வரும்வரை என்னை வாசிக்க வைத்தாள். வந்த பிறகும் அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. என்னைச் சொல்லவைத்தாள். சில ஆண்டுகள் கழித்து ஆவடியில், அவள் வேலைக்குப் போவதில் ஆட்சேபணை இல்லாத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்தே ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்வந்தாள்.

ஆனால் பதினோரு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தரகர் வந்துபோன அடுத்த வாரம், காலை ஷிப்டு முடிந்து நீலச் சேலையோடு வந்த அத்தை, "பாப்பா, அத்த வாசி" என்றாள்.

"யாருக்கு அனுப்ப?"

"யாருக்கும் இல்ல. சும்மா வாசி. நான் கேக்கறேன்."

மெத்தை இல்லை, மைக் இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறை தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அத்தை தரையில் கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள். அவளுடைய மனசை எப்படியாவது ஆற்ற வேண்டும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடது கை அதட்டவில்லை. படியிறங்கும் இடம் தானாக இறங்கி வந்தது. அப்படி நான் அதற்கு முன்னால் வாசித்ததே இல்லை. கடைசிச் சுரம் அடங்கும் வரை காத்திருந்து, எப்படி இருந்தது என்று கேட்பதற்காகத் திரும்பினேன்.

அத்தை வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் தூங்கிப்போனாளோ தெரியவில்லை. என் வாசிப்பு இவ்வளவு சலிப்பாகவா இருந்தது என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பியானோ மூடியைத் தடாலென்று சாத்தினேன். அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை.